பிசுக்கில்லாத டிபன் பாக்ஸ்

டிபன் பாக்ஸின் உள்பக்கத்தில் தெய்வநாயகி கட்டைவிரலை அழுத்தி இழுத்தாள்.

கீச்.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சுக்கா. எலி கேஸுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா பொறி வாங்கிட்டு வந்திருப்பேன்” என்றாள் அவள் உதவியாளர் ஜான்சி.

எதிரே தன் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த இன்னாசியம்மாள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் இராயப்பன் செத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

இராயப்பன் மரக்காணத்தில் ராஜாங்கம் என்பவருடைய உப்பளத்தில் மோட்டார் மெக்கானிக்; வேலை இருந்தால் ராத்திரியும் ஷெட்டிலேயே தங்கிவிடுவார். போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையில், மோட்டார் ஷெட்டை ஒட்டிய உப்புத்தண்ணீர்த் தொட்டியில் குப்புறக் கிடந்தார். கரையில் ஒரு காலி குவார்ட்டர் பாட்டில். சட்டையெல்லாம் சாராய நெடி. குடித்துவிட்டுத் தவறி விழுந்துவிட்டார் என்று முதலில் சொன்னவர் உப்பளத்து சூப்பர்வைசர் ராமதாஸ். டாக்டர் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. ஊர் அதற்காகக் காத்திருக்கவில்லை.

“அவரு குடிச்சு பதினோரு வருஷம் ஆவுது மேடம்” என்றாள் இன்னாசியம்மாள். ரேஷன் கடைப் பலகையில் எழுதியிருப்பதைப் படிப்பது போன்ற குரல். “என் பொண்ணு பிரிசில்லா பொறந்த அன்னிக்கு விட்டவரு. இப்ப ஊரே குடிச்சு செத்தான்னு சொல்லுது. கோயில்ல பூசைக்குச் சொல்லப் போனா அங்கயும் அதே பேச்சு. பொண்ணு ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குது. ரிப்போர்ட் வர மாசக் கணக்கா ஆகுமாம். அதுவரைக்கும் அவ வீட்டுலயே உக்காந்திருக்கணுமா? அவரு குடிச்சாரா இல்லியா, அது ஒண்ணு தெரிஞ்சா போதும் எனக்கு.”

“டிபன் பாக்ஸை எதுக்கு எடுத்து வெச்சீங்க?”

“அது சுத்தமா இருந்துச்சு.”

சொல்ல வந்தவர்களைச் சொல்ல விடுவது தெய்வநாயகியின் வழக்கம்.

“அங்க தண்ணி வாயில வெக்க முடியாது மேடம். அவரு சாப்ட்டதும் பார் சோப்பைப் போட்டுத் தேச்சிட்டு வருவாரு. வெள்ளை வெள்ளையாத் திட்டு ஒட்டிக்கிட்டு, பிசுக்கு அப்படியே இருக்கும். நான் மறுபடி கழுவுவேன். பத்தொம்பது வருஷமா தினம் ரெண்டு வாட்டி கழுவுற பாத்திரம் இது. அன்னிக்கு மட்டும் இப்படி வந்துச்சு. நான் இதுல கையே வைக்கல. மூடி அப்படியே எடுத்து வெச்சிட்டேன்.”

“அன்னிக்கு என்ன குடுத்தனுப்பினீங்க?”

“ஞாயித்துக்கெழம எடுத்த ஆட்டுக்கறி. கொழுப்பு நெறைய இருந்துச்சு, அவருக்குப் புடிக்கும். மிச்சத்தைத் திங்கக்கெழம சோத்தோட வெச்சேன்.”

தெய்வநாயகி மூடியை முகர்ந்தாள். லேசாக எலுமிச்சை வாசனை. டிபன் பாக்ஸை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

இருபத்திரண்டு வருஷம் போலீஸில் இருந்து, ஏட்டாகவே விருப்ப ஓய்வு வாங்கியவள் அவள். இப்போது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் டிடெக்டிவ் ஏஜென்சி. முக்கால்வாசி வேலை மாப்பிள்ளை விசாரிப்பதுதான். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு அவள் கணவர் தூக்கத்திலேயே போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஆபீஸைத் திறந்துவிட்டாள். அன்றிலிருந்து எல்லாம் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு கேட்பது போலத்தான் இருந்தது. டீ சூடாக இருப்பது தெரிந்தது, இனிப்பது தெரியவில்லை. மனதில் வேறு எதுவும் ஓடாததால் கண்ணில் மட்டும் எல்லாம் பட்டது.

*

தை மாதத்துக் காற்று உப்பளத்தின் மேல் தடையில்லாமல் வீசியது. கண்ணுக்கு எட்டிய வரை பாத்தி பாத்தியாகத் தண்ணீர். வரப்போரம் வெள்ளைக் குவியல்கள். நிழலுக்கென்று இருந்தது அந்த மோட்டார் ஷெட் ஒன்றுதான்.

ராமதாஸ் அங்கேயே அகப்பட்டார். ஐம்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை. இன்ஷூரன்ஸ் விஷயம் என்று தெய்வநாயகி சொன்னதும் தோளைக் குலுக்கினார்.

“குடிச்சிட்டு விழுந்தவனுக்கு எதுக்கு மேடம் இன்ஷூரன்ஸ்?”

“ஃபாரத்துல எழுதணும் சார், அவ்ளோதான். திங்கக்கிழமை எங்க இருந்தாரு அவரு?”

“எங்க இருப்பான்? இங்கதான். நாள் பூரா இந்த ஷெட்டுல.”

“டிபன் பாக்ஸ் எங்க கெடந்துச்சு?”

“இந்தப் பலகை மேல. சாயங்காலமா சாப்ட்டிருக்கான். கழுவி வெச்சிட்டு அப்புறம் பாட்டிலைத் தொறந்திருக்கான்.”

“எந்தத் தண்ணியில கழுவினாரு?”

“இதோ இந்தப் பைப்புதான். வேற எங்க இருக்கு தண்ணி?”

“கழுவினது நீங்க பார்த்தீங்களா?”

“கழுவி இருந்துச்சு, அதான் சொல்றேன்.” அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “சீக்கிரம் எழுதிட்டுக் கெளம்புங்க. லோடு ஏத்துற நேரம்.” பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும், அதுவரை அவர் கண்ணில் படாமல் ஷெட்டுக்குப் பின்னால் ஸ்கூட்டரோடு நின்ற ஜான்சி அதன் டிக்கியைத் திறந்தாள். உள்ளே புத்தம் புது டிபன் பாக்ஸ் ஒன்று. மரக்காணம் கடைத்தெருவில் வாங்கியது. பக்கத்திலேயே ஒரு புரோட்டாக் கடையில் அதில் மட்டன் குழம்பு ஊற்றி வாங்கியிருந்தாள்.

“ரெண்டு மணி நேரமா இந்தக் குழம்பு வாசனையோட சுத்திட்டிருக்கேன்க்கா. நம்ம ஏஜென்சியில சாப்பாட்டை வாங்கிக் கழுவுறதுக்கு மட்டும்தான் விடுவீங்க.”

“கொட்டு.”

குழம்பு மணலில் போனது. உள்சுவரில் எண்ணெய் பளபளத்தது. மூடியின் விளிம்பில் கொழுப்பு மெழுகு போல உறைந்திருந்தது. ஷெட்டின் மாடக்குழியில் இராயப்பன் வைத்திருந்த சோப்புத் துண்டை எடுத்துப் பைப்புத் தண்ணீரில் தேய்த்தாள் ஜான்சி. நுரையே வரவில்லை. கை முழுக்கத் திரிதிரியாக ஏதோ வெள்ளையாகப் படிந்தது. பாத்திரத்தில் எண்ணெய்க்கு மேலே அந்தத் திட்டும் ஒட்டிக்கொண்டது.

“அந்தம்மா சொன்ன மாதிரியேதான்” என்றாள் தெய்வநாயகி. “ஏன் இப்படி ஆவுது?”

ஜான்சி ஆறு வருஷம் பாண்டிச்சேரிப் பக்கம் பாத்திரம் கழுவும் லிக்விட் தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தவள். இந்தக் கேள்விக்காகவே பிறந்தவள் போல நிமிர்ந்தாள்.

“சோப்பு, லிக்விட், பவுடர் எல்லாம் ஒரே ஜாதிதான்க்கா. ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணின்னா உசுரு. வாலுக்குத் தண்ணியே ஆகாது, எண்ணெயைக் கண்டா போய் முட்டிக்கும். லட்சக்கணக்குல வாலு எண்ணெய்க்குள்ள குத்திட்டு நிக்கும், தலையெல்லாம் வெளிய தண்ணிப் பக்கம் இருக்கும். அப்போ பாத்திரத்துல பரவி ஒட்டிக்கிட்டிருந்த எண்ணெய் மெதுவாச் சுருண்டு உருண்டையாவும், பிடியை விடும். சுத்தி வேலி போட்ட மாதிரி தலைங்க நிக்கிறதால அது திரும்பிப் போய் ஒட்டவும் முடியாது. தண்ணியோட போயிடும். எங்க வீட்டுக்காரரை எங்க மாமியார்கிட்டேர்ந்து பிரிக்கத்தான் இன்னும் ஒரு லிக்விட் வரல.”

“இங்க ஏன் பிரிக்கல?”

“இந்தத் தண்ணியில உப்பு மட்டுமா இருக்கு? சுண்ணாம்பு, மெக்னீசியம்னு ஒரு கும்பலே இருக்கு. சோப்பு உள்ள போனதும் அதுங்க மடக்கிப் புடிச்சுக்குது. எண்ணெய்கிட்டப் போக வேண்டியது தயிர் மாதிரித் திரிஞ்சு பாத்திரத்துலயே உக்காந்துக்குது. எண்ணெயும் போகாது, சோப்பும் போகாது.”

“லிக்விட் போட்டா?”

“லிக்விட் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஊர்ல இருக்கிற உப்புத் தண்ணின்னா சமாளிச்சிடும். ஆனா இது உப்புக் காய்ச்சப் போற தண்ணிக்கா.” பையிலிருந்து ஒரு பாக்கெட்டைப் பிய்த்து ஊற்றித் தேய்த்தாள். தண்ணீர் கலங்கலானதே தவிர நுரை கட்டவில்லை. விரலை வைத்தால் வழுக்கியது.

தெய்வநாயகி வரப்பைப் பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் உப்பள ஆபீஸ். வாசலில் இருபது லிட்டர் குடிநீர்க் கேன்கள் இரண்டு. “அந்தக் கேன் தண்ணியில கழுவியிருக்கலாம்.”

“கழுவிப் பார்ப்போம்.” ஜான்சி தன் குடிநீர் பாட்டிலைக் கவிழ்த்தாள். இந்த முறை நுரை பொங்கியது. இரண்டே சுற்றில் உள்சுவர் பளிச்சென்று ஆனது. தேய்த்தால் கீச்சென்றது. “போச்சு, ஆபீஸ்ல கழுவினதுதான். ராமதாஸ் மாட்டிக்கிட்டாரு. கேஸ் முடிஞ்சுது, பசிக்குதுக்கா.”

“மூடியைக் காட்டு.”

மூடியின் ஓரத்தில் ரப்பர் வளையம் உட்காரும் பள்ளம். ஜான்சி நகத்தால் வளையத்தைக் கிளப்பினாள். பள்ளம் முழுக்கக் கொழுப்பு கட்டியாக, வெள்ளையாக, அசையாமல் இருந்தது. தெய்வநாயகி பையிலிருந்த இராயப்பனின் மூடியை எடுத்து அதன் வளையத்தையும் கழற்றினாள். பள்ளம் துடைத்துவிட்டாற்போல இருந்தது.

ஜான்சி இரண்டு மூடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“சுடுதண்ணி” என்றாள் பிறகு. “ஆட்டுக்கொழுப்பு இந்தக் குளிருக்குக் கல்லு மாதிரி ஆயிடும். இளகினாத்தான் வாலு உள்ள நுழையும். நல்ல தண்ணி, லிக்விட், கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணி. மூணும் இருக்கிற இடத்துல, கழுவத் தெரிஞ்ச ஆளு கழுவியிருக்காங்க. ரப்பரை எடுத்துக் கழுவுறது ஆம்பளைங்க செய்யற வேலையும் இல்ல.”

“இந்தக் காட்டுல சுடுதண்ணி எங்க இருக்கும்?”

தட்டையான பூமி அது. தேட வேண்டியிருக்கவில்லை. கிழக்கே, கடலோரச் சவுக்குகளுக்கு மேலே, ஒரு மொட்டைமாடியில் சோலார் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய்கள் வெயிலில் பளீரென்று அடித்தன. சுற்றுவட்டாரத்தில் வேறு ஒன்றும் இல்லை.

ஜான்சி போனில் தேடினாள். “கெஸ்ட் ஹவுஸ்க்கா. ஓனர் பேரு ராஜாங்கம், அதே உப்பளத்து ஓனருதான். மூணரை ஸ்டார். ஒரு ஆளு எழுதியிருக்கான், ‘சாப்பாடு சுமார், பாத்திரம் எல்லாம் பளிச்’னு.”

*

கெஸ்ட் ஹவுஸ் வாசலில் பிரம்மதேசம் கிராமத்திலிருந்து வந்த தண்ணீர் லாரி ஒன்று சம்ப்பில் நல்ல தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தது. போர்ட்டிகோவில் ஒரு டிரைவர் மோட்டார் வைத்துக் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். காலில் முட்டி வரை ரப்பர் பூட்ஸ். கையில் ரப்பர் கிளவுஸ். மோட்டாரைத் தள்ள வேண்டியபோது கையால் தொடாமல் ஒரு சவுக்குக் கழியால் நெம்பினான். தெய்வநாயகி அதைப் பார்த்தபடியே நடந்தாள்.

“ரூம் பார்க்கணும்” என்று ஜான்சி முன்பக்கம் போனாள். தெய்வநாயகி பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போனாள்.

சமையற்கட்டுக்கு வெளியே கடப்பாக்கல் தொட்டி. சூடும் பச்சையுமாக இரண்டு குழாய்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். சுடுதண்ணீரில் ஆவி பறந்தது. அவள் கையை இழுக்கவே இல்லை. விரல் நுனிகள் வெளுத்து, தோல் செதிலாக உரிந்திருந்தது.

“சூடு தெரியலியா?” என்றாள் தெய்வநாயகி.

“தெரியறதில்ல” என்றாள் அவள் நிமிராமல். “பாத்திரத்து எண்ணெயோட கையில இருக்கிற எண்ணெயையும் சேத்து எடுத்துடுதில்ல. மரத்துப் போயிருச்சு. ஆபீஸ் ரூம் முன்பக்கம் மேடம்.”

தெய்வநாயகி துணிப்பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து, கழுவாத பாத்திரங்களின் வரிசைக் கடைசியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

அந்தப் பெண்ணின் கை ஒரு குண்டானை எடுத்தது. தேய்த்தது, அலசியது, கவிழ்த்தது. பிறகு ஒரு தட்டு, இரண்டு கிண்ணம், ஒரு கரண்டி. கண் வேறெங்கோ இருந்தது, கை மட்டும் வேலை செய்தது. டிபன் பாக்ஸ் மேல் விரல் பட்டதும் அது நின்றுவிட்டது.

குழாய் திறந்தபடியே ஓடியது. தொட்டி நிரம்பி, நுரை வழிந்து அவள் காலை நனைத்தது.

“அவங்க வீட்டம்மா குடுத்தாங்களா?” என்றாள்.

“ஆமா.”

“கண்டுபுடிச்சிட்டாங்களா?”

“அவங்க கண்டுபுடிச்சதை வெச்சுத்தான் நாங்க வந்தோம். உன் பேரு என்னம்மா?”

“அம்சவல்லி.” குழாயை மூடினாள். “ஊரு பெருமுக்கல். இங்க வந்து அஞ்சு வருஷமாச்சு.”

அவள் சொன்னதைத் தெய்வநாயகி எழுதிக்கொண்டாள். திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்கு இராயப்பன் வந்தார். கார் கழுவும் மோட்டார் தொட்டால் ஷாக் அடிக்கிறது, பார்க்கச் சொல்லி ராஜாங்கமே கூப்பிட்டிருந்தார். டிபன் பாக்ஸைச் சமையற்கட்டு மேடையில் வைத்துவிட்டு, வேலை முடித்துவிட்டுச் சாப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனார். ஈரத் தரை. கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது. அவர் வந்ததையே யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அன்று சாயங்காலம் எல்லோருக்கும் உத்தரவு.

“டிபனை எப்ப கழுவின?”

“நாலு மணிக்கு ராமதாஸ் சார் வந்தாரு. ‘அந்தாளோட சாப்பாட்டைக் கொட்டிட்டு டிபனைக் குடு’ன்னாரு. கொட்டச் சொன்னாரு, கழுவச் சொல்லல. தொறந்தா அப்படியே இருந்துச்சு மேடம். கறி, சோறு, ஒரு ஓரமா ஊறுகா. ஒரு வாய் கூடத் தொடல. வெளிய நாய்க்கு வெச்சேன். அப்புறம் கழுவினேன். ஏன் கழுவினேன்னு கேக்காதீங்க. ஒரு வீட்டுக்குத் திரும்பிப் போற பாத்திரம். கை பாட்டுக்குக் கழுவிடுச்சு. ரப்பரு வரைக்கும் எடுத்துக் கழுவினேன். அவரு நின்னு போன் பேசிட்டிருந்தாரு, கண்டுக்கல.”

ஜான்சி பின்கட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள். “அவ்ளோதான்க்கா. செத்த ஆளைக் கொண்டுபோய்த் தொட்டியில போட்டுட்டு, பாட்டிலை வெச்சிட்டாங்க. கரண்டு கேஸை மறைக்க.”

அம்சவல்லி தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டவில்லை.

“செத்துப் போகல” என்றாள்.

முன்பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் வந்தது.

“நான்தான் தலையைத் தூக்கி மடியில வெச்சேன். உள்ளங்கை கருகியிருந்துச்சு. ஆனா மூச்சு இருந்துச்சு மேடம். கண்ணைத் தொறந்து தண்ணின்னு கேட்டாரு. இந்தக் கையாலதான் ஊத்தினேன், ரெண்டு மொடக்கு குடிச்சாரு. ஓனரும் ராமதாஸ் சாரும் வேன்ல ஏத்தினாங்க. ஆஸ்பத்திரிக்குன்னாங்க. நான் வேன் கதவைக்கூட சாத்தி விட்டேன். மறுநாள் காலையில தொட்டியில கெடந்தாருன்னு சொன்னாங்க. தொட்டிக்கு எதுக்குப் போனாரு? ஆஸ்பத்திரிக்குத்தானே போனாரு?”

தெய்வநாயகியின் பேனா நின்றது. காலையிலிருந்து அவள் கட்டிக்கொண்டு வந்த கணக்கு எல்லாம் செத்த ஒருவரைப் பற்றியது. தொட்டியில் மூழ்கித்தான் செத்தார் என்று டாக்டர் ரிப்போர்ட்டே சொல்லப்போகிறது. அது பொய்யாகவும் இருக்காது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஷாக் அடித்தது வெளியே வரும் என்று, உயிரோடு இருந்த ஆளை உப்புத்தண்ணீரில் இறக்கியிருக்கிறார்கள். இந்தப் பெண் வாயைத் திறக்காவிட்டால், கருகிய கையைக் கூட ஷெட் மோட்டார் மேல் போட்டு, விபத்து என்றே முடித்துவிடுவார்கள்.

ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தாள். கோபமோ, பதற்றமோ. ஒன்றும் வரவில்லை. பேனாவை மூடினாள்.

“ஸ்டேஷன்ல இதைச் சொல்லுவியா?”

“சொன்னா எனக்கு இங்க வேலை இல்ல. அது போகட்டும். அவங்க என்னை விடுவாங்களா?”

“விட மாட்டாங்கதான். நான் போலீஸ்ல இருந்தவ, பொய் சொல்ல மாட்டேன். டிஎஸ்பி ஆபீஸ்ல நேரா உக்கார வைக்கிறேன். உன் பேச்சை நானே எழுதி, உன் கையெழுத்து வாங்கித்தான் வெளிய விடுவேன்.”

வாசலில் ஒரு பைக் நிற்கும் சத்தம். ராமதாஸின் குரல் டிரைவரிடம் கேட்டது: “யாருடா வந்திருக்கிறது? அந்த ஸ்கூட்டர் யாருது?”

ஜான்சி துப்பட்டாவைச் சரி செய்துகொண்டாள். “நான் போய் ஹனிமூன் ரூம் கேக்கறேன். எனக்கு ரெண்டு பசங்கன்னு அந்தாளுக்குத் தெரியவா போவுது?” முன்பக்கம் ஓடினாள். அவள் குரல் கணீரென்று வந்தது. “சார் சார், ஏசி ரூம்னா கடல் தெரியணும் சார், போன வாட்டி ஒரு இடத்துல ஏசி இருந்துச்சு, கடல் இல்ல…”

அம்சவல்லி கையை முந்தானையில் துடைத்தாள். கழுவாமல் மிச்சமிருந்த பாத்திரங்களை ஒரு தரம் பார்த்தாள். பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, சவுக்குத் தோப்புப் பக்கமிருந்த சின்னக் கதவைத் தள்ளித் திறந்தாள். தெய்வநாயகிக்கு முன்னால் நடந்தாள்.

தோப்பைச் சுற்றிக்கொண்டு ஜான்சி ஸ்கூட்டரைக் கொண்டுவரப் பத்து நிமிஷம் ஆனது.

“ரூம் புக் பண்ணிட்டேன்க்கா. அந்த ராமதாஸ் பேருலயே. ஏறுங்க.” மூன்று பேர் உட்கார்ந்ததும் வண்டி முனகியது. “போலீஸ்ல இருந்தவங்களே ட்ரிபிள்ஸ் போறீங்க. இதையும் டிஎஸ்பிகிட்ட எழுதிக் குடுத்துடுவோமா?”

“நேரா கோட்டக்குப்பம் டிஎஸ்பி ஆபீஸுக்குப் போ.”

“இல்ல” என்றாள் நடுவில் இருந்த அம்சவல்லி. “மொதல்ல அவங்க வீட்டுக்கு. அவங்களுக்குச் சொல்லிட்டுத்தான் மத்த எங்கயும் சொல்லுவேன்.”

தெய்வநாயகி சட்டத்தை யோசித்தாள். சாட்சியை இப்படிக் கூட்டிக்கொண்டு அலையக் கூடாது. “பத்து நிமிஷம்தான்” என்றாள்.

*

இன்னாசியம்மாள் அதே நாற்காலியில்தான் இருந்தாள். காலையிலிருந்து எழுந்த மாதிரியே தெரியவில்லை.

“இவங்க அம்சவல்லி. ராஜாங்கத்தோட கெஸ்ட் ஹவுஸ்ல வேலை செய்யறாங்க. டிபனைக் கழுவினது இவங்கதான்” என்றாள் தெய்வநாயகி.

அம்சவல்லி நின்றபடியே, தரையைப் பார்த்துச் சொன்னாள். “அவரு குடிக்கலக்கா. அங்க வேலைக்குத்தான் வந்தாரு. மோட்டார்ல கரண்டு அடிச்சிடுச்சு. ஒரு சொட்டுக் குடிக்கல. நான் பக்கத்துல இருந்தேன்.”

இன்னாசியம்மாள் உள்ளே திரும்பினாள். “பிரிசில்லா, இங்க வா.”

ஸ்கூல் பாவாடை போட்ட பெண் கதவோரம் வந்து நின்றது.

“இன்னொரு வாட்டி சொல்லும்மா” என்றாள் இன்னாசியம்மாள்.

அம்சவல்லி அதே வார்த்தைகளை அப்படியே சொன்னாள். பெண் கேட்டுக்கொண்டது. உள்ளே போனது. கொஞ்சம் கழித்து, புத்தகங்களை எடுத்துப் பையில் அடுக்கும் சத்தம் வந்தது.

இன்னாசியம்மாள் டிபன் பாக்ஸை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மூடியைத் திறந்தாள், மூடினாள்.

“சாப்டாரா?”

தெய்வநாயகியின் கைப்பையில் நோட்டு இருந்தது. அதில் அவள் கையெழுத்திலேயே இருந்தது, ஒரு வாய் கூடத் தொடவில்லை என்று. ஜான்சி அவள் முகத்தைப் பார்த்தாள். அம்சவல்லியும் பார்த்தாள்.

“சாப்டாருக்கா” என்றாள் அம்சவல்லி. “நல்லாருந்துச்சுன்னாரு.”

“அன்னிக்கு உப்பு பத்தலையோன்னு இருந்துச்சு எனக்கு.”

“பத்துச்சுக்கா. சரியா இருந்துச்சு.”

இன்னாசியம்மாள் தலையை ஆட்டினாள். இருபத்திரண்டு வருஷத்தில் பொய்ச் சாட்சி ஒன்றைக் கூடத் தெய்வநாயகி தாண்டிப் போக விட்டதில்லை. இதை விட்டாள்.

ஆனால் இன்னொன்றை, வேனில் ஏற்றும்போது அவருக்கு மூச்சு இருந்ததை, சொல்லாமல் விட முடியாது. நாளைக்கே யாராவது வாசலில் நின்று, போகிற போக்கில் சொல்லிவிடுவார்கள். “ஜான்சி, பொண்ணுக்குத் துணையா உள்ள போய் இரு” என்றாள். ஜான்சி மறுபேச்சுப் பேசாமல் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

தெய்வநாயகி நாற்காலிக்கு எதிரே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். நின்றுகொண்டு சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது.

“இன்னும் ஒண்ணு இருக்கு, இன்னாசியம்மா.”